திருட்டு வேர்வை

நேத்து ராத்திரி மூணு பத்துக்கு முழிப்பு வந்துடுச்சு.

நைட்டி முதுகோட ஒட்டிக் கிடக்கு. தலையணை உறையைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். பின்கழுத்து முடி நனைஞ்சு கத்தை கத்தையா இருக்கு. தலைக்கு மேல காத்தாடி அஞ்சாம் நம்பர்ல சுத்துது. பக்கத்துல வீட்டுக்காரர் போர்வையைக் காது வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குறார்.

(சாயங்காலம் நல்ல மழை. மழை பெஞ்ச ராத்திரி ஈப்போ எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். 23, 24 டிகிரிக்கு இறங்கிடும். சுண்ணாம்பு மலைப் பக்கத்துலேருந்து சில்லுன்னு காத்து வரும். வேர்க்கற ராத்திரியே இல்ல அது.)

எழுந்து, துடைச்சு, வேற துணி மாத்தி, மெத்தையில என் பக்கம் மட்டும் ஒரு துண்டை விரிச்சுப் படுத்தேன். நாலரைக்கு மறுபடியும். இன்னொரு துணி.

காலையில கிளினிக்ல அப்பாயின்மென்ட். டாக்டர்கிட்ட இதைச் சொன்னேன். சின்னப் பிள்ளை, மரியாதையாத்தான் பேசினாரு. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "மலேசியா மேமாங் பானாஸ், காக்."

மலேசியா சூடுதானே அக்கா.

அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நான் இங்கேயே பொறந்து 46 வருஷம் ஆச்சு. சூடு எனக்குத் தெரியும். மத்தியானம் ரெண்டு மணிக்கு லாஹாட் ரோட்டுல நடந்தா வேர்க்கும். கல்யாண வீட்டுச் சமையக்கட்டுல நின்னா வேர்க்கும். அது வேற. தூக்கத்துல, குளிர்ல, ஒரு வேலையும் செய்யாம, விரிப்பு நனையற அளவுக்கு வேர்க்கறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா எனக்குக் கோவம் வருது. (எந்த கிளினிக்னு கேட்டு எழுதாதீங்க, சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷத்துல நாலு பேரு, நாலு எடத்துல, இதே பதிலைச் சொல்லியிருக்காங்க. ஒருத்தரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது.)

சரி. ஆரம்பத்துலேருந்து சொல்றேன்.

எனக்குத் தைராய்டு குறைவுன்னு கண்டுபிடிச்சு ஏழு வருஷம் ஆகுது. அப்ப வயசு 39. அதுக்கு முன்னாடி ஒரு ஒன்றரை வருஷம் நான் எப்படி இருந்தேன்னா, மகளோட ஸ்கூல் யூனிஃபார்மை அயர்ன் பண்ண உட்காருவேன், ஒரு பக்கம் தேய்ச்சுட்டு மறுபக்கம் திருப்பறதுக்குள்ள கை ஓஞ்சு போயிடும். அப்படியே தரையில சாஞ்சு உட்கார்ந்திருப்பேன். ராத்திரி சாக்ஸ் போட்டுக்கிட்டுப் படுப்பேன். ஈப்போவுல! சாக்ஸ்! முடி கொட்டிச்சு. புருவத்தோட வெளி ஓரம் தேய்ஞ்சுபோச்சு. தொண்டை கரகரன்னு ஆயிடுச்சு. ஒரு நாள் தங்கச்சிக்கு போன் போட்டேன், "யாரு பேசறது?"ன்னு கேட்டா. கூடப் பொறந்தவளுக்கே என் குரல் தெரியல.

அம்மாதான் ரொம்பத் தவிச்சுப்போனாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை 'சோம்பல்'. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. மூணு மணிக்கு எழுந்து சோறாக்கி, எங்களைப் பிள்ளைங்களைப் பார்த்துக்கற ஆயாக்கொட்டாயில விட்டுட்டு, இருட்டோட பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் குடுக்கற வரிசைக்கு) நின்னவங்க. மக பத்து மணிக்கும் படுத்துக் கிடந்தா அவங்க என்ன நினைப்பாங்க?

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க அம்மாகிட்ட ரகசியமா சொன்னாங்களாம்: "பாத்துக்குங்க, தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போற மாதிரி ஆயிடப் போவுது."

பேராக்காரங்களுக்கு இதை விளக்க வேணாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். 1911-லேருந்து தஞ்சோங் ரம்புத்தான்ல மனநல ஆஸ்பத்திரி இருக்கு. அதனால அந்த ஊர்ப் பேரே இங்க ஒரு பேச்சா ஆயிடுச்சு. யாராவது பேசாம, சிரிக்காம, மூலையில உட்கார்ந்தா அந்த ஊர்ப் பேரைச் சொல்லிடுவாங்க. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. மனசு சரியில்லாதவங்களுக்கும் அது வலிக்கும். உடம்பு சரியில்லாம மனசு சோர்ந்தவங்களுக்கும் வலிக்கும். ரிச்சர்ட் ஆஷர்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் 1949-ல 14 நோயாளிங்களைப் பத்தி எழுதினாரு. எல்லாருக்கும் மனம் கலங்கியிருந்தது. எல்லாருக்கும் தைராய்டு குறைஞ்சிருந்தது. தைராய்டு மருந்து குடுத்ததும் பாதிக்கு மேல தெளிஞ்சுட்டாங்க. கழுத்துல இருக்கற ஒரு சின்ன சுரப்பி, மூளை வரைக்கும் ஆட்டி வைக்குது.

அப்புறம் எனக்கு ரத்தம் எடுத்தாங்க. டி.எஸ்.எச் 38.

இந்த டி.எஸ்.எச் விஷயம் பல பேருக்குக் குழப்பம். நம்பர் ஏறியிருக்கே, அப்ப தைராய்டு அதிகம்தானேன்னு கேப்பாங்க. தலைகீழ். அம்மாவுக்கு நான் இப்படிச் சொன்னேன் (மண்டோர்னா தோட்டத்துல ஆளுங்களை மேய்க்கற கங்காணி): "டி.எஸ்.எச் மண்டோர் மாதிரிம்மா. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு, அங்கேருந்து கத்தறாரு. தைராய்டு மரம் வெட்டற ஆளு. ஆளு தொய்ஞ்சா மண்டோர் சத்தம் ஏறும். ஆளு ஒழுங்கா வெட்டினா மண்டோர் நிதானமாப் பேசுவாரு. ஆளு அளவுக்கு மேல வெட்டிக்கிட்டே இருந்தா மண்டோர் வாயே திறக்க மாட்டாரு."

அம்மா உடனே கேட்டாங்க, "சாதாரணமா மண்டோர் எவ்வளவு கத்தணும்?"

0.4-லேருந்து 4 வரைக்கும்.

"38-ஆ? அவ்வளவு கத்தலையும் கேட்டுக்கிட்டா உள்ள இருந்தே?"ன்னு சொல்லிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அதுக்கப்புறம் 'சோம்பல்'ங்கற வார்த்தை எங்க வீட்டுல இல்ல.

எனக்கு வந்தது ஹாஷிமோட்டோ. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டை எதிரின்னு நினைச்சு அடிக்கறது. 1912-ல ஹாஷிமோட்டோங்கற ஜப்பான் டாக்டர் இதை முதல்ல விவரமா எழுதினாரு. அவர் எழுதினது நாலு பேரைப் பத்தி. நாலு பேரும் பெண்கள். இது குடும்பத்துல ஓடும். எங்க பாட்டிக்கு முன்கழுத்துல ஒரு கட்டி இருந்தது. புடவைத் தலைப்பால மூடிக்குவாங்க. ஜப்பான்காரன் காலத்துல, 1942-லேருந்து 45 வரைக்கும், அரிசி இல்லாம மரவள்ளிக்கிழங்கைத் தின்னே உசிரைப் பிடிச்சவங்க. அயோடின் குறைவா இருக்கற உடம்புல மரவள்ளி நிறைய சேர்ந்தா தைராய்டு வீங்கும். பாட்டிக்கு அதனாலயா, என்னோட வியாதியேதானா, இனிமே யாரும் சொல்ல முடியாது. பாட்டிக்கு யாரும் ஊசி குத்தி ரத்தம் பார்த்ததில்ல. அது அவங்க கழுத்து, அவ்வளவுதான்.

மருந்து லெவோதைராக்சின். சின்ன மாத்திரை. உள்ள சுரக்க வேண்டியதை வெளியிலேருந்து குடுக்கறது.

(இந்த மாத்திரைக்கு முந்தி என்ன பண்ணாங்கன்னு தேடிப் படிச்சேன். 1891-ல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், ஆட்டோட தைராய்டைச் சாறு எடுத்து ஒரு அம்மாவுக்கு ஊசியா போட்டாரு. அந்த அம்மாவுக்கு அப்ப வயசு 46. என் வயசு! பிழைச்சு, 74 வயசு வரைக்கும் இருந்தாங்க. அதுக்கு 870 ஆட்டுக்கு மேல தேவைப்பட்டுச்சாம். வீட்டுக்காரர் இதைக் கேட்டுட்டு, "உனக்கு இப்ப ஒரு வெள்ளியில முடிஞ்சிடுது"ன்னாரு. அரசாங்க கிளினிக்ல நாம கட்டறது ஒரு வெள்ளிதானே. அந்த 870 ஆட்டையும் அந்த ஒரு வெள்ளியையும் நான் அடிக்கடி நினைச்சுக்கறேன். நன்றியோடதான்.)

ஆனா மாத்திரை சின்னதா இருக்கே தவிர, அதுக்கு ரொம்ப ரோஷம். வெறும் வயித்துல, பச்சைத் தண்ணியில, பசியாற அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் முந்தியே போடணும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. காப்பியும் பாலும் அதை உறிஞ்ச விடாது. சோயாவும் அப்படித்தான்.

சோயா! இங்கதான் எனக்கு மூணு வருஷம் வீணாப் போச்சு.

உடம்பு இளைக்கணும்னு காலையில நடக்கப் போவேன். அஞ்சரைக்கு மாத்திரை, நடை, ஆறு மணிக்கு மார்க்கெட் ஓரத்துல ஒரு பெரிய கிளாஸ் சோயா தண்ணி. சில நாள், சோயாப் பால்ல செய்யற தாவ் ஃபூ ஃபாவும். (ஈப்போவுல இருந்துக்கிட்டு தாவ் ஃபூ ஃபா சாப்பிடாம இருக்க முடியுமா? இந்த ஊர்த் தண்ணிக்கே அது தனி ருசி.) வீட்டுக்கு வந்து தே குடிக்கறப்பவே இரும்புச்சத்து மாத்திரை. நான் நல்லது பண்ணறேன்னு நினைச்சுக்கிட்டு, போட்ட மாத்திரையைக் குடல்ல உறிஞ்சவிடாம நானே தடுத்துக்கிட்டு இருந்தேன்.

டி.எஸ்.எச் இறங்கவே இல்ல. அளவைக் கூட்டினாங்க. 50 போய் 75. 75 போய் 100. 100 போய் 125 மைக்ரோகிராம். மூணு வருஷத்துல ஒருத்தரும் "காலையில என்ன சாப்பிடறீங்க?"ன்னு கேக்கல. கடைசியா மருந்து குடுக்கற கவுண்டர்ல இருந்த ஒரு பொண்ணுதான் கேட்டுச்சு. கியூவுல பின்னால முப்பது பேர் நிக்கறாங்க. அந்தப் பொண்ணு ஒரு காகிதத்துல கடிகாரம் மாதிரி வரைஞ்சு, எதுக்கு அப்புறம் எதுன்னு அம்புக்குறி போட்டுக் குடுத்துச்சு. அந்தக் காகிதம் இன்னும் எங்க குளிர்ப்பெட்டிக் கதவுல ஒட்டியிருக்கு. நல்லா இருக்கணும் அந்தப் பிள்ளை.

(கோஸ் சாப்பிடக் கூடாது, தௌகே சாப்பிடக் கூடாதுன்னு சொந்தக்காரங்க சொல்றதை நான் கேக்கறதில்ல. வெந்த கோஸ், அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. தௌகே பச்சைப்பயறு முளை, சோயா இல்ல. தௌகே கோழியை விட்டுட்டு ஈப்போவுல என்ன வாழ்க்கை.)

நேரத்தை மாத்தினேன். அம்மா பெரட்டுக்கு நின்ன நேரம் எதுவோ அதே நேரம், நாலரைக்கு மாத்திரை. அந்த நேரம் வீடு அமைதியா இருக்கும். அஞ்சரைக்கு மேல தே. இரும்புச்சத்து மத்தியானம். சோயா சாயங்காலம்.

ரெண்டு மாசத்துல வேர்வை ஆரம்பிச்சுது.

அதுக்கு அப்ப காரணம் இருந்தது. மாத்திரை இப்பத்தான் முழுசா உள்ள போகுது, ஆனா அளவு 125-லேயே நிக்குது. உடம்பு அளவுக்கு மேல ஓடுது. படபடப்பு, கை நடுக்கம், வேர்வை. டி.எஸ்.எச் 0.06. மண்டோர் வாயே திறக்கல. இதை அப்படியே விட்டா எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அளவைக் குறைச்சு 75-க்குக் கொண்டுவந்தாங்க. இந்த மருந்து உடம்புல பாதி குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால ஒவ்வொரு தடவை மாத்தினப்புறமும் ஆறு வாரம் பொறுத்துத்தான் ரத்தம் பார்க்கணும். பொறுத்தேன். டி.எஸ்.எச் 1.9. படபடப்பு போச்சு. நடுக்கம் போச்சு.

வேர்வை போகல.

ரெண்டு வருஷமா டி.எஸ்.எச் ஒழுங்கா இருக்கு. வேர்வை மட்டும் வாரத்துக்கு மூணு நாள், நாலு நாள் வருது.

இப்ப நடக்கறது என்னன்னா, எந்தக் கதவைத் தட்டினாலும் ரெண்டுல ஒரு பதில். ஒண்ணு, நாடு சூடு. ரெண்டு, "உங்களுக்குத் தைராய்டு இருக்குல்ல, அதான்." தைராய்டு குறைவா இருந்தா குளிரும். வேர்வை குறையும். தோல் வறண்டு போகும். மருந்து அதிகமானா வேர்க்கும், ஆனா இப்ப அதிகமில்லன்னு ரத்தமே சொல்லுது. அப்ப தைராய்டு எப்படிக் காரணம் ஆகும்? கார்டுல ஒரு வியாதிப் பேரு எழுதியாச்சுன்னா, அப்புறம் உடம்புல எது வந்தாலும் அதுமேலேயே மாட்டி வைக்கறாங்க. கதவுக்குப் பின்னால ஒரு ஆணி அடிச்சா வீட்டுல இருக்கற எல்லாச் சட்டையும் அதுலயே தொங்குமே, அந்த மாதிரி.

ஒரு டாக்டரம்மா மட்டும் உட்கார வைச்சுக் கேட்டாங்க. காய்ச்சல் உண்டா? எடை குறைஞ்சுதா? ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? கழுத்துல, அக்குள்ல, தொடை இடுக்குல நெறிகட்டி இருக்கா? மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கறீங்களா? (சில மாத்திரை ராத்திரி வேர்வையைக் கொண்டுவருமாம்.) இனிப்பு நீருக்கு ஊசி போடறீங்களா? ராத்திரி சர்க்கரை இறங்கினாலும் வேர்த்துக் கொட்டும். நெஞ்செரிச்சல்? குறட்டை? மாசம் ஒழுங்கா வருதா? அந்தக் கேள்வி ஒவ்வொண்ணும் எனக்கு மருந்து மாதிரி இருந்தது. ஒருத்தர் நம்பினாத்தானே கேப்பாங்க.

நெஞ்சு எக்ஸ்ரேயும் சளியும் பார்க்கச் சொன்னாங்க. டி.பி இருக்கான்னு பார்க்க.

வீட்டுல சொன்னதும் ஒரே அமைதி. அத்தை ஒருத்தங்க உடனே, "வெளியில யாருகிட்டயும் சொல்லிடாத"ன்னாங்க. தோட்டத்து லயத்துல வளர்ந்தவங்களுக்கு அந்த ரெண்டெழுத்து அப்படி. ஒரே அறையில ஏழு பேரு படுத்த காலத்துல ஒருத்தருக்கு வந்தா, அந்தக் கதவுப் பக்கம் பிள்ளைங்களை விட மாட்டாங்க. ஆனா டி.பி பழைய காலத்து வியாதி இல்ல. மலேசியாவுல இன்னிக்கும் வருஷத்துக்கு 20,000 பேருக்கு மேல வருது. ராத்திரி வேர்வை அதோட முக்கியமான அறிகுறியில ஒண்ணு. மருந்து இருக்கு, குணமாகும். மறைச்சாத்தான் கெடுதல். நான் எல்லாருகிட்டயும் சொன்னேன். கோயில்ல பக்கத்துல உட்கார்ந்தவங்ககிட்டயும் சொன்னேன்.

எக்ஸ்ரே சுத்தம். சளி சுத்தம். ரத்த அணுக்கள் சரி. சர்க்கரை சரி. நெறி இல்ல.

சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தோட வீட்டுக்கு வந்து, அன்னிக்கு ராத்திரி ரெண்டு துணி மாத்தினேன்.

அடுத்து மாசவிடாய் நிக்கப்போற காலம். 46 வயசு, பொருந்துது. இங்க நம்ம பெண்களுக்கு 50 வயசை ஒட்டி நிக்கும். அதுக்குச் சில வருஷம் முந்தியே ஹார்மோன் ஏறி இறங்கும். மூளையில உடம்புச் சூட்டைப் பார்த்துக்கற ஒரு எடம் இருக்கு. அந்த ஹார்மோன் ஆட்டத்துல அதோட பொறுமை குறைஞ்சு போகுமாம். கால் டிகிரி ஏறினாக்கூட "ஐயோ தீ"ன்னு வேர்வையைத் திறந்து விட்டுடும். டாக்டரம்மா அழகா விளக்கினாங்க. ஆனா எனக்கு மாசம் 28 நாளுக்கு ஒரு தடவை இன்னும் கணக்கா வருது. பகல்ல ஒரு நாள்கூட அந்தத் திடீர்ச் சூடு வந்ததில்ல. "அதுவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்"னாங்க. இந்த வயசுல ரத்தத்துல ஹார்மோன் பார்த்தாலும் இன்னிக்கு ஒரு நம்பர், அடுத்த வாரம் ஒரு நம்பர், அதை வைச்சு முடிவு சொல்ல முடியாதாம். தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன அந்த அம்மா மேல எனக்கு மரியாதை. (இன்னொண்ணும் சொன்னாங்க, உங்களுக்கு உதவும்: அதுக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா, தைராய்டு மாத்திரை அளவையும் மறுபடி பார்க்கணும். கூடுதலாத் தேவைப்படும்.)

எங்க தாமான்ல பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, கொடியில அடிக்கடி மூணு நைட்டி காயறதைப் பார்த்துட்டுக் கேட்டாங்க. சொன்னேன். அவங்க வைத்தியத்துல இதுக்குத் தனிப் பேரே இருக்காம். 'திருட்டு வேர்வை'ன்னு அர்த்தம். தூங்கறப்ப திருடன் மாதிரி வந்து, முழிச்சதும் ஓடிப்போறதால. ஆயிரக்கணக்கான வருஷமா பெண்கள் நடுராத்திரியில இப்படி நனைஞ்சு எழுந்திருக்காங்க, யாரோ அதுக்கு ஒரு பேரும் வைச்சிருக்காங்க! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆன்ட்டி ஒரு ஜாடியில மூலிகைத் தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. (நாலரை மணி மாத்திரைக்கு ரொம்ப நேரம் தள்ளிக் குடிச்சேன். குளிர்ச்சியா இருந்தது. வேர்வை வந்துது.)

நம்ம பக்கத்து வைத்தியமும் விடல. வெந்தயம் ஊற வைச்சேன். பார்லி தண்ணி. இளநீர். ராத்திரிச் சாப்பாட்டுல சம்பல் நிறுத்தினேன். நாலு மணிக்கு மேல கோப்பி நிறுத்தினேன். கோப்பி நிறுத்தினதுல தூக்கம் கொஞ்சம் நல்லாச்சு, அது உண்மை. பஞ்சு மெத்தை மேல இருந்த பாலியஸ்டர் விரிப்பைத் தூக்கிட்டுப் பருத்தி போட்டேன். அதுவும் உதவுது. ஏர்கோன் வைச்சாலும் வேர்க்குது, வேர்த்தப்புறம் நடுங்குது. அதனால காத்தாடிதான்.

போன மாசம் சுங்கை சிப்புட்டுக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் போனோம். தோட்டம் இருந்த எடமெல்லாம் இப்ப செம்பனை. லயம் இல்ல. பால் ஸ்டோர் இல்ல. கோயில் மட்டும் நிக்குது. பெரியம்மா பக்கத்துலேயே மகனோட இருக்காங்க. 81 வயசு. வலது கட்டைவிரல் அடியில உளி பிடிச்ச காப்பு இன்னும் கல்லு மாதிரி இருக்கு, தொட்டுப் பார்த்தேன்.

ராத்திரி வேர்க்குதுன்னு சொன்னேன்.

"வேலை செய்யாமயே வேர்க்குதா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

இவ்வளவு டாக்டர்கள்ல ஒருத்தரும் இப்படிக் கேக்கல. தோட்டத்துல வேர்வைக்கு எப்பவும் கணக்கு இருந்தது. மேட்டு நிரையில ஏறினா, காண்டா வாளியில பாலைத் தூக்கினா, வேர்க்கும். வேர்க்காதவங்களுக்குத்தான் ஏதோ கோளாறுன்னு அர்த்தம். படுத்துக்கிட்டு வேர்க்கறது அவங்க கணக்குல வராது.

அப்புறம் மெதுவா சொன்னாங்க, "எனக்கும் வந்துச்சு. உன் வயசுலதான்னு நினைக்கறேன். பாயி நனைஞ்சிடும். இழுத்துக்கிட்டுப் போய் வாசல் அஞ்சடியில போட்டுப் படுத்துக்குவேன்."

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கிட்ட சொல்லலையா பெரியம்மா?"

"அவரு ஆம்பள. இதைப் போயி அவருகிட்ட எப்படிச் சொல்றது? எப்படியும் மூணு மணிக்கு எழுந்திருக்கணும். வேர்வை எழுப்புச்சா, பிள்ளை எழுப்புச்சா, யாரு பார்த்தா?"

எத்தனை வருஷம் இருந்ததுன்னு கேட்டேன். அவங்களுக்கு ஞாபகம் இல்ல. எப்ப நின்னுதுன்னும் ஞாபகம் இல்ல. "அந்த வருஷம் இலை கொட்டி, பால் கொறைஞ்சு, சம்பளம் கொறைஞ்சுது, அது ஞாபகம் இருக்கு"ன்னாங்க.

பேச்சு அப்படியே மரத்துக்குப் போச்சு. இருட்டோட ஏன் வெட்டணும்னு கேட்டேன், சின்ன வயசுலேருந்து கேக்கணும்னு இருந்தது. "வெயில் ஏறினா பால் நின்னுடும்"னாங்க. வீட்டுக்கு வந்து படிச்சேன். ராத்திரி முழுக்க மரம் வேருல தண்ணி இழுத்துப் பாலை அழுத்தத்தோட வைச்சிருக்கும். வெயில் ஏறினதும் இலை வழியா தண்ணி ஆவியாப் போக ஆரம்பிக்கும், அழுத்தம் இறங்கும், வெட்டினாலும் பால் சரியா வடியாது. மரம் வேர்க்கறதுக்கு முந்தி பாலை எடுத்துடணும். அதுக்குத்தான் மூணு மணி எழுச்சி, தலையில விளக்கு, இருட்டுல பெரட்டு. (இந்த மரம் எங்க பேராக்குக்கு வந்து ரொம்பக் காலமாச்சு. 1877-ல கோலகங்சார்ல நட்டதுல ஒண்ணு இன்னும் நிக்குது. தோட்டமெல்லாம் செம்பனையா மாறியும் அது நிக்குது. போனா பாருங்க.)

கிளம்பறப்ப பெரியம்மா என் கையில ஒரு சின்ன நோட்டைக் குடுத்தாங்க. 555 புத்தகம். தோட்டத்துக் கடையில கடன் எழுதறதுக்கு எல்லா வீட்டுலயும் இருக்குமே, அது. புதுசு, பேரன் ஒரு கட்டு வாங்கி வைச்சிருக்கானாம். "எழுதி வை. எழுதலேன்னா கடைக்காரன் சொல்றதுதான் கணக்கு"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரியிலேருந்து எழுதறேன். தேதி. எத்தனை மணி. எத்தனை துணி. என்ன சாப்பிட்டேன். மழையா இல்லையா. மாசவிடாய் எத்தனாவது நாள். மாத்திரை போட்ட நேரம். அஞ்சு வாரத்துல மொத்தம் 17 ராத்திரி. அதுல 12 ராத்திரி மழை பெஞ்சு குளிர்ந்த ராத்திரி. நாடு சூடுன்னு சொன்னவங்களுக்கு அது போதும். மாசவிடாய்க்கு முந்தின வாரம் கொஞ்சம் கூடுதலா இருக்கு, ஆனா மத்த வாரத்துலயும் வருது. சம்பலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. (அதனால சம்பல் திரும்பி வந்தாச்சு!)

இன்னிக்குக் காலையில அந்தப் புத்தகத்தைத்தான் மேசை மேல வைச்சேன். "மேமாங் பானாஸ்"னு சொன்ன அதே டாக்டர் எடுத்துப் புரட்டினாரு. முதல் பக்கம் வேகமா. ரெண்டாவது பக்கம் மெதுவா. மூணாவது பக்கத்துல கம்ப்யூட்டர்லேருந்து கண்ணை எடுத்தாரு. "மழை பெஞ்ச அன்னிக்கெல்லாம் தனியாக் குறிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. அப்புறம் குறட்டை விடுவீங்களான்னு கேட்டாரு. தூக்கத்துல மூச்சு அடைச்சு அடைச்சு விடறவங்களுக்கும் இப்படி வேர்க்குமாம். தைராய்டு குறைஞ்சவங்களுக்கு அது வர வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம். தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் எழுதிக் குடுத்தாரு. வரிசை நீளம், மாசக்கணக்குல ஆகும்னாரு. அதுவரைக்கும் வீட்டுக்காரரை போன்ல என் குறட்டையைப் பதிவு பண்ணச் சொல்லியிருக்காரு.

இதையெல்லாம் எழுதி முடிக்கறப்ப ராத்திரி பதினொண்ணு. வீட்டுக்காரர் போனைத் தலைமாட்டுல வைச்சு, பதிவாகுதான்னு இருமி இருமிச் சோதிச்சுக்கிட்டு இருக்காரு. வெளியில தூறல் ஆரம்பிச்சாச்சு. துண்டு விரிச்சாச்சு, மாத்துத் துணி நாற்காலியில இருக்கு. 555-ல இன்னிக்குத் தேதியைப் போட்டு, பக்கத்துல 'மழை'ன்னு எழுதி, மணி எழுதற எடத்தைக் காலியா விட்டிருக்கேன்.